சட்டித்தலையனும் இடது கையும்

ஜனவரி 8

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ கத்துகிறாய், மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். மெயில் அனுப்பினால் நீ திறப்பதே இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். கடிதத்தோடு நீ சண்டை போட முடியாது, கிழித்துத்தான் போடலாம். கிழிப்பதற்கு முன்னால் உறையைத் தட்டிப் பார். உள்ளே ஒரு பென்டிரைவ் இருக்கிறது.

போன தடவை நீ கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. "ஐம்பது வயசுல பொம்மை விளையாட்டா? வேற வேலையே கெடைக்கலையா உனக்கு?" கிடைக்கவில்லை, சரிதானா? உனக்குக் கிரேன், எனக்குப் பொம்மை.

ஆனால் இது எந்தப் பொம்மை என்று சொல்வதற்குள் சண்டை வந்துவிட்டது. சட்டித்தலையனடா. நம்முடைய சட்டித்தலையன். நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நான் ஒரு ஆளை வரைந்து, தலை சட்டி மாதிரி வந்து, நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அவனேதான். எனக்குப் பதினான்கு, உனக்கு ஏழு. நான் விளையாட்டை எழுதுவேன், நீ விளையாடிப் பார்ப்பாய். பிறகு அது கேசட்டாக விற்பனைக்கு வந்ததே, அதை வாங்கி விளையாடியவர்கள் இன்னும் அவனை மறக்கவில்லை. எங்கள் கம்பெனி அவனைப் புதிதாகச் செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து செய்கிறோம். அதே நாற்பது அறை, அதே சாவிகள், அதே குழிகள். இப்போது அவனுக்கு முகம் இருக்கிறது, நிழல்கூட விழுகிறது.

பிரச்சினை என்னவென்றால், பழைய ஆட்களிடம் விளையாடக் கொடுத்தால், "பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அவன் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குதிப்பதில்தான் ஏதோ குறை. மார்ச் கடைசியில் முதலாளிகளுக்குக் காட்ட வேண்டும். அவர்களும் உதட்டைப் பிதுக்கினால் எங்கள் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

உன்னைவிட அதிகமாக அவனைக் குதிக்கவைத்தவர் உலகத்திலேயே இல்லை. விளையாடிவிட்டுச் சொல். நெட்டைப் போட்டுவிட்டு விளையாடு. கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படி. இந்த ஒரு தடவையாவது படி.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. வீட்டுக்காரிதான் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "அக்கா ஆசையா அனுப்பியிருக்காங்க, ஆடித்தான் பாருங்களேன்" என்று பாடாய்ப் படுத்திவிட்டாள்.

விளையாடினேன். உன் ஐந்து பேரும் சேர்ந்து அவனைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். குதிக்கவே மாட்டேன் என்கிறான். கீயைத் தட்டுகிறேன், பார்த்துக்கொண்டே குழிக்குள் போகிறான். முதல் அறை, முதல் குழி! ஏழு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழி அது. எத்தனை தடவை விழுந்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கக்கேடு. முகம் வைத்தீர்கள், நிழல் வைத்தீர்கள், கால் வைக்க மறந்துவிட்டீர்களா?

குதிக்கிற கீயை இடது பக்கமே விட்டிருக்கிறாய். அது ஒன்றுதான் உருப்படி. இடது கைக்காரனுக்கென்று யார் என்ன செய்து தருகிறார்கள் இந்தக் காலத்தில்.

இங்கே வேலை எப்போதும் போலத்தான். கட்டடம் ஏற ஏற என் கிரேன் கேபினும் ஏறுகிறது. காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறக்கம். கீழே சைகை காட்டுகிறவனுக்கு விசில் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஊதாமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். போன மாதம் ஒரு கம்பிக் கட்டைத் திருப்பும்போது கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டது. வாக்கிடாக்கியில், "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்கிறான். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

குதியைச் சரி பண்ணு. தாள் எங்கேயோ விழுந்துவிட்டது.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

உன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். நாலு மாதமாக நாங்கள் தேடியதை நீ ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாய்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தேன் என்றால், நீ தட்டுகிற ஒவ்வொரு கீயும் எந்த நேரத்தில் தட்டினாய் என்று எங்களுக்கு இங்கே பதிவாகும். சோதனைக்கு விளையாடுகிற எல்லாருக்கும் அப்படித்தான். உன்னுடையதைத் திறந்து பார்த்தேன். நீ அநேகமாக எல்லாக் குழியிலும் அவன் கால் ஓரத்தை விட்ட பிறகுதான் தட்டுகிறாய். முன்னால் தட்டியது நாலைந்து தடவைதான், அப்போது மட்டும்தான் தாண்டியிருக்கிறாய். அதைப் பார்த்ததும்தான் பளிச்சென்று எனக்கு ஞாபகம் வந்தது.

சொன்னால் அடிக்க வராதே. பழைய விளையாட்டில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். நீ முதல் குழியில் விழுந்து விழுந்து அழுதாய், சாப்பிட வரமாட்டேன் என்றாய். அதனால் ஓரம் தாண்டிய பிறகும் கண் இமைக்கிற நேரம் அவன் குதிக்கலாம் என்று எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் நீ தாண்டிவிட்டு வீடு முழுக்க ஓடினாய். அதை எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் விரும்பியது அந்தத் திருட்டுத்தனத்தைத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் ஆட்கள் கணக்குச் சுத்தமாக எழுதியதில் அது போய்விட்டது. திரும்ப வைத்துவிட்டோம். நெட்டைப் போட்டால் உன்னிடம் இருப்பது தானே புதிதாகிவிடும். மறுபடி விளையாடு.

உன் எழுத்து ஏன் இப்படிச் சிறுத்துப்போகிறது? முதல் வரி நன்றாக இருக்கிறது, கடைசி வரி எறும்பு ஊர்வது போல இருக்கிறது. தாள் மிச்சம் பிடிக்கிறாயா, கஞ்சப்பயலே. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் படித்தேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

தாளைப் படிக்காதவன் முட்டாள் என்று நேராகவே எழுதியிருக்கலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடுகிறவன் விரலை அங்கேயிருந்து பார்ப்பாயாம். இதற்குப் பெயர் வேவு.

ஓரம் தாண்டிய கதையும் நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசிலிடம்கூட ஒரு தடவை அளந்திருக்கிறேன். போகட்டும்.

புதுசையும் விளையாடினேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினைந்து அறை தாண்டினேன், உன் பதிவில் பார்த்துக்கொள். இனி குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு உங்கள் குதியில்தான் இருந்தது, என்னிடம் இல்லை.

எழுத்து சின்னதாக இருந்தால் கண்ணாடியை மாற்று.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இது எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விளையாடியது நீ இல்லை.

நீ ஒவ்வொரு குழியையும் தாண்டி இறங்கியதும் சும்மா ஒரு தட்டுத் தட்டுவாய். தேவையே இல்லாமல் சட்டித்தலையன் நின்ற இடத்தில் ஒரு குட்டிக் குதி குதிப்பான். ஏழு வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம். கொசுறுக் குதி என்று பெயர் வைத்ததே நான்தான். ஜனவரியில் நீ தட்டுத்தடுமாறித் தாண்டிய நாலைந்து குழிகளிலும் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் ஒன்றுகூட இல்லை. அது உன் வீட்டுக்காரிதானே? நன்றாக விளையாடுகிறாள், நான் சொன்னதாகச் சொல்.

அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, யாருக்கும் தெரியாமல் நீ விளையாடியிருக்கிறாய். அதுவும் இங்கே பதிவாகியிருக்கிறது. ஓரத்தைத் திரும்ப வைத்த பிறகுதான் அது. முன்பு உனக்குப் போதுமாக இருந்த இடம் இப்போது போதவில்லை. நடக்கிற கீயைத் தட்டுகிற உன் வலது கை எல்லாரையும் போல நேரத்துக்குப் போகிறது. இடது கை பிந்துகிறது. விளையாட விளையாட இன்னும் பிந்துகிறது. முதலில் எங்கள் பதிவில்தான் தப்பு என்று நினைத்தேன். வேறு ஆட்களை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். தப்பு இல்லை. தப்பாக இருக்கக் கூடாதா என்றுதான் கிடந்தேன்.

உன் இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கஞ்சன் என்று கிண்டல் செய்த என் வாயைத் தைக்க வேண்டும். நீ எந்தக் கையால் எழுதுகிறாய்? கம்பிக் கட்டைத் திருப்புகிற லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது? இடது பக்கம்தானே, நீயே ஒரு தடவை படம் போட்டுக் காட்டியிருக்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போ. போய்விட்டு வருகிறவரை மேலே ஏறாதே. நீ சொல்லாவிட்டால் உன் சைட் இன்ஜினியருக்கு நானே எழுதுவேன்.

அக்கா


பிப்ரவரி 27

எழுது. தாராளமாக எழுது. முகவரி வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பொம்மை தட்டினதை வைத்து என் கையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாய். இருபது வருடமாக மேலே உட்கார்ந்திருக்கிறேன். என் கையிலிருந்து ஒரு செங்கல் தவறி விழுந்ததில்லை. குளிரில் கை கொஞ்சம் மரத்துப்போகும், வயதாகிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் உள்ளதுதான்.

இன்ஜினியரிடம் கை என்று ஒரு வார்த்தை போனால் அன்றோடு சரி. இறக்கிவிட்டவனை எந்தச் சைட்டிலும் ஏற்ற மாட்டார்கள். கீழே நின்று செய்கிற வேலை எனக்கு என்ன தெரியும்? கல் சுமக்கவா, கேட்டில் நிற்கவா? நீ உன் அறை பூட்டினால் வேறு அறைக்குப் போவாய். எனக்கு இருப்பது அந்த ஒரு கேபின்தான்.

வீட்டுக்காரியிடம் கை வலிக்கிறது என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. நீ அவளுக்குப் போன் செய்தால் உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை. இனிக் கடிதமும் போடாதே.


மார்ச் 6

தம்பிக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

உன் இன்ஜினியருக்கு எழுதிவிட்டேன். உறைக்குள் வைத்து ஒட்டியும் ஆகிவிட்டது. நேற்றுத் தபால் பெட்டி வரைக்கும் போய், பாதியை உள்ளே விட்டு, திரும்ப இழுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் நின்றவர், "போடுறீங்களா எடுக்கிறீங்களாம்மா?" என்றார். உறை இப்போது என் மேசையில் கிடக்கிறது. எங்கேயோ கட்டடத்தில் விபத்து என்று செய்தி வந்தால் முழுவதும் கேட்கிறவரை எனக்கு மூச்சு வரமாட்டேன் என்கிறது. அலுவலகத்தில் என்னிடம் எதையாவது இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரிக்குப் போன் செய்யவில்லை. அந்த ஒன்றிலாவது என்னை நம்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழைய மெஷினும் கேசட்டும் உன் பரணில்தான் இருக்கின்றன. அதை இறக்கி விளையாடு. அதில் நெட் கிடையாது, பதிவு கிடையாது, என் கண் கிடையாது. முகமும் நிழலும் கிடையாது. நீ தாண்டினாயா விழுந்தாயா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அதில் உனக்காக வைத்த ஓரம் அப்படியே இருக்கிறது.

தாண்டிவிட்டாய் என்றால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு வரி எழுது. மேசையில் இருப்பதைக் கிழித்துவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

உன்னைத் திட்டலாம் என்றுதான் இறக்கினேன்.

எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் ஒரு பழைய டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்த டிவியில் மெஷினை மாட்டினேன். கேசட் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. சட்டித்தலையன் வந்து நின்றான்.

விழுந்தான். திரும்ப விழுந்தான். கீபோர்டு பழசு, கீ சரியாக அழுந்தவில்லை என்று நினைத்தேன். அதே கீயை வலது கையால் தட்டினேன். தாண்டிவிட்டான். மறுபடி வலது கை, மறுபடி தாண்டினான். இடது கை, குழி. மெஷினை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டியதே தெரிந்தது. "என்னங்க, எதுக்கு அழுறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சட்டைப் பொத்தானை நான் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

விசில் தூங்கிட்டீங்களா என்று கேட்டானே, அது சிரிப்புக்கு இல்லை அக்கா. சொல்ல வந்த ஆத்திரத்தை அவன் அப்படி மாற்றிச் சொன்னான். நிற்க வேண்டிய இடத்தில் கட்டு நிற்காமல் போயிற்று. அவன் குனிந்தான். குனியாவிட்டால் தலை இருந்திருக்காது. மேலே இருந்து பார்த்தேன், அவனுடைய ஹெல்மெட் உருண்டு போனது. நான் லீவரை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கை விட்டிருக்கவில்லை. உனக்கு எழுதும்போது ஹெல்மெட்டை விட்டுவிட்டு எழுதினேன்.

அதற்குப் பிறகும் தினமும் ஏறினேன். இன்னும் மெதுவாகத் திருப்பினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டித்தலையனுக்கு ஓரத்தில் நீ கொஞ்சம் இடம் விட்டுவைத்தாய். விசிலுக்கு அங்கே யாரும் விட்டுவைக்கவில்லை. அவனுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

நேற்றுக் காலை ஏணிக்குக் கீழே நின்றேன். விசில் வாக்கிடாக்கியை நீட்டினான். நான் வாங்கவில்லை. "நான் ஏறல. இன்ஜினியர் எங்க இருக்கார்?" என்றேன். அவன் என் இடது கையைப் பார்த்தான், பிறகு கூடவே நடந்து வந்தான்.

மேசையில் இருப்பதைக் கிழித்துவிடு. நானே சொல்லிவிட்டேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கிழித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லாரும் பார்க்க அழுதுகொண்டே கிழித்தேன். காகிதம் கிழிக்கிறதற்கு ஏன் இந்தம்மா அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டரைப் பார்த்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுது. எதையும் விட்டுவிட்டு எழுதாதே.

முதலாளிகளுக்கு நேற்றுக் காட்டினோம். அவர்களில் ஒருத்தர் சின்ன வயதில் கேசட் வாங்கி விளையாடியவராம். முதல் குழியைத் தாண்டியதும், "அவனேதான்" என்றார். அவ்வளவுதான், அறையைப் பூட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கு உன் ஏணிதான் கண்ணில் நின்றது.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நரம்பு டாக்டரைப் பார்த்தாயிற்று. நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்கிறார். எனக்கு நடுக்கமே இல்லையே என்றேன். சில பேருக்கு முதலில் கை மெதுவாகத்தான் போகுமாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார், முதலில் வலது, பிறகு இடது. சிரித்துவிட்டேன். "எங்க அக்கா இந்தப் பரீட்சையை முன்னாடியே வெச்சுட்டாங்க" என்றேன். பிறகு ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். அவரும் உன்னை மாதிரியே கண்ணாடியைத் துடைத்தார்.

இது போகாது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். மாத்திரையால் நன்றாகச் சமாளிக்கலாம், பல வருடம் நடமாடலாம் என்றும் சொன்னார். கிரேன் மட்டும் கிடையாது. அந்த வார்த்தைக்கு மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன், வீட்டுக்காரி என் முதுகில் கை வைத்திருந்தாள். காலையில் விழித்ததும் ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்து எது போகும் என்று ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்க்கிறேன். நீ விட்டுவிட்டு எழுதாதே என்றாய், அதனால் எழுதுகிறேன்.

இன்ஜினியர் என்னை வெளியே அனுப்பவில்லை. கீழே சைகை காட்டப் போட்டிருக்கிறார். இப்போது நானும் ஒரு விசில். மேலே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார், எல்லாவற்றையும் கொஞ்சம் அவசரமாகத் திருப்புகிறார். முதல் நாளே அவரை இறங்கி வரச் சொல்லிவிட்டேன். "கீழ நிக்கிற நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணும். பார்த்துத் திருப்புங்க" என்றேன். விசில் பக்கத்தில் நின்று ஊதினான்.

உன் விளையாட்டில் வீட்டுக்காரி இருபதாவது அறைக்குப் போய்விட்டாள். எனக்கு முதல் அறை இன்னும் பாக்கி இருக்கிறது, வலது கையால் விளையாட மாட்டேன். ஓரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ள ஒரு வழி வையேன், வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளட்டும். இந்தத் தடவை ஒளித்து வைக்காதே, தெரிகிற மாதிரி வை. நெட்டைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், வேவு பார். என்றைக்காவது கொசுறுக் குதி வந்தால் அது நான்தான்.

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை இடது கையால்தான் எழுதுகிறேன், ஒரே மூச்சில் இல்லை, நடுவில் கையை உதறி உதறி. முதல் வரியையும் இந்தக் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்துப் பார். எனக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிகிறது. வீட்டுக்காரியும் ஆமாம் என்கிறாள், ஆனால் அவள் எனக்காகச் சொல்வாள். நீ பொய் சொல்ல மாட்டாய். பார்த்துச் சொல்.

தம்பி